மூளை, தண்டுவடம், நரம்பு: நம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை பக்கம் பிசியோதெரபி செய்கிறவன் நான். வாதம் வந்து கை கால் விழுந்தவர்கள், வலை இழுத்து இடுப்பு பிடித்தவர்கள், சங்கு குளிக்கப் போய் காலில் உணர்ச்சி போனவர்கள் என்று வருகிறவர்கள், பயிற்சிக்கு நடுவே கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பாடப்புத்தக வரிசை இதில் இருக்காது. படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். நரம்புக் கோளாறில் மருத்துவர் முதலில் தேடுவது கோளாறு எந்த இடத்தில் என்பதைத்தான். நோயின் பெயரெல்லாம் அதற்கு அப்புறம். தொட்டுப் பார்ப்பது, முட்டியில் தட்டிப் பார்ப்பது, சிரிக்கச் சொல்வது எல்லாம் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

நரம்பு மண்டலம் என்றால் எதெல்லாம் அதில் சேர்த்தி?

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கிளம்பி கண், காது, கை, கால், குடல் என்று எல்லா இடத்துக்கும் போய்வருகிற நரம்புகள் புற நரம்பு மண்டலம்.

பெரியவர்களின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ இருக்கும். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இது. ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடம்புக்குப் போகும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பெரும்பகுதி பின்மண்டையில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுமூளையில்தான் இருக்கிறது.

தண்டுவடம் சுண்டுவிரல் பருமனில் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். முதுகெலும்பின் அடிவரை அது போவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புக் கற்றைதான் தொங்குகிறது. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதால் தண்டுவடம் கெட்டுவிடுமோ என்று கேட்கும் தாய்மார்களுக்கும் இதையே சொல்கிறேன். அந்த ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே.

மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகளும் கிளம்புகின்றன. பார்வை, மணம், முகத்தின் அசைவு, விழுங்குவது போன்றவை முதல் கூட்டத்தின் வேலை. கழுத்துக்குக் கீழே பெரும்பாலானவை இரண்டாவது கூட்டத்தின் வேலை. ஊசி போட நர்ஸ் கையில் தேடுவதும், காலில் நீலமாகச் சுருண்டு தெரிவதும் ரத்தக் குழாய்கள். அவை இந்தக் கணக்கில் வராது.

முள் குத்தியதும் கால் தானாக எகிறுகிறதே, அது மூளை சொல்லியா?

மூளையைக் கேட்காமலேயே நடக்கிற வேலை அது. நம் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள் ஏறாத கால் இருக்காது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முள் உள்ளங்காலில் ஏறியதும் தோலில் இருக்கும் நரம்பு நுனிகள் தூண்டப்படுகின்றன. சேதி காலின் உணர்வு நரம்பு வழியாக ஏறி, முதுகெலும்பின் பக்கவாட்டில் இருக்கும் நரம்பு முடிச்சைத் தாண்டி, தண்டுவடத்துக்குள் நுழைகிறது. அங்கே ஒரு இடைநரம்பு அதை வாங்கி இயக்க நரம்பிடம் கொடுக்கிறது. முட்டியை மடக்கும் தசை சுருங்குகிறது, கால் மேலே வருகிறது. இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர். இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. அதே நொடியில் மற்ற காலின் தசைகள் விறைத்து நிமிர்கின்றன. அது நடக்காவிட்டால், குத்திய காலைத் தூக்கிய மறுகணம் நாம் தரையில் கிடப்போம். இரண்டு காலுக்கும் தனித்தனியாக உத்தரவு போடுவது தண்டுவடம்தான்.

இதற்கிடையில் சேதியின் இன்னொரு கிளை மூளைக்கு ஏறுகிறது. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் "ஆ!" என்கிறோம். வலியும் இரண்டு தவணையாக வருகிறது. முதலில் சுருக்கென்று ஒரு குத்தல், கொஞ்சம் பொறுத்து எரிச்சலோடு ஒரு மந்தமான வலி. முதலாவதைக் கொண்டுவருவது உறை போட்ட மெல்லிய இழைகள். அவற்றின் வேகம் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர். இரண்டாவதைக் கொண்டுவருவது உறை இல்லாத இழைகள். அவை விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர்தான் போகும். அடுத்த தடவை முள் ஏறினால் கவனித்துப் பாருங்கள், இடைவெளி தெளிவாகத் தெரியும்.

அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதற்கும் காரணம் இருக்கிறது. தொடுவதை உணரும் தடித்த இழைகளின் சேதி, தண்டுவடத்தில் வலியின் சேதியை அமுக்கிவிடுகிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965ல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். தோல் வழியாக லேசான மின்சாரம் கொடுத்து நாங்கள் வலிக்கு வைக்கும் டென்ஸ் மெஷின் கிளம்பியது அந்த யோசனையிலிருந்துதான்.

நரம்பில் ஓடுவது கரண்ட்தானா?

மின்சாரம்தான். ஆனால் வீட்டு வயரில் ஓடுகிற மாதிரி எலக்ட்ரான் ஓடுவதில்லை. இங்கே வேலை செய்வது உப்பு.

வாலிநோக்கம் உப்பளத்தில் அள்ளுகிற உப்பில் இருப்பது சோடியமும் குளோரினும். நரம்பு செல்லுக்கு வெளியே இருக்கும் திரவத்தில் சோடியம் அதிகம், செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம். செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பம்பை 1957ல் கண்டுபிடித்த டென்மார்க்காரர் ஜென்ஸ் ஸ்கூவுக்கு 1997ல்தான் நோபல் பரிசு வந்தது. இந்த ஏற்பாட்டால் சும்மா இருக்கும் நரம்பின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கிறது.

தூண்டல் வந்ததும் சவ்வில் சோடியக் கதவுகள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, அந்த இடம் நேர்மின்னாக மாறுகிறது. உடனே சோடியக் கதவு மூடிக்கொள்ள, பொட்டாசியம் வெளியேறி பழைய நிலை திரும்புகிறது. எல்லாம் ஒன்றிரண்டு மில்லி விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் பக்கத்துக் கதவுகள் திறந்திருக்கும். இப்படி அடுத்தடுத்த இடமாக நகர்வதைத்தான் நரம்புத் துடிப்பு என்கிறோம். துடிப்பில் பெரிது, சின்னது கிடையாது. வலி அதிகம் என்றால் அதே துடிப்பு அடிக்கடி வருகிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க உதவியது நாம் ஏலம் போடும் ஊசிக் கணவாயின் இனத்துக்காரர்தான். கணவாய் ஆபத்து என்றதும் உடம்பிலிருக்கும் தண்ணீரை ஒரே அழுத்தில் பீய்ச்சிப் பின்பக்கமாகப் பாயும். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் சுருங்க வேண்டும் என்பதால் அதற்கு ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் தடித்த நரம்பு இழை அமைந்திருக்கிறது. கண்ணாலேயே பார்க்கலாம். நம் உடம்பின் தடித்த இழைகூட மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அட்லாண்டிக் கணவாயின் அந்த இழைக்குள் மின்முனையை நுழைத்து அளந்தார்கள். 1952ல் சோடியம், பொட்டாசியம் கணக்கை முழுதாக வெளியிட்டார்கள், 1963ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

அவ்வளவு தடித்த இழையிலும் சேதி விநாடிக்கு சுமார் 25 மீட்டர்தான் போகிறது. நம் இழை மெலிந்திருந்தும் 120 மீட்டர் வரை போகிறது. காரணம் மைலின் என்ற கொழுப்பு உறை. உறைக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அங்கே மட்டும்தான் சோடியம் புகும். அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டு விட்டு மணல்திட்டு தாண்டுகிற மாதிரி துடிப்பு இடைவெளி விட்டு இடைவெளி குதித்துப் போகிறது. இந்த உறை கெட்டால் சேதி தாமதமாகும், சில இடங்களில் நின்றே போகும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கில்லன் பாரே ஆகிய நோய்களில் நடப்பது இதுதான். முதலாவது மூளையிலும் தண்டுவடத்திலும் உறையைக் கெடுக்கும், இரண்டாவது புற நரம்புகளில்.

அப்படியானால் உப்பைக் கூட்டிச் சாப்பிடலாமா?

வேண்டாம். நரம்புக்குத் தேவையான சோடியம் சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. கருவாடும் ஊறுகாயும் இருக்கிற வீட்டில் அதைத் தாண்டுவது சுலபம். உப்பு கூடினால் ரத்தக் கொதிப்பு, ரத்தக் கொதிப்பு கூடினால் பக்கவாதம்.

ஆனால் வயதானவர்களுக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கு, வாந்தி, நீர் பிரிய மாத்திரை இவற்றால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய அளவு மிகவும் கீழே போனால் குழப்பமாகப் பேசுவார்கள், வலிப்புகூட வரும். நேற்றுவரை நன்றாக இருந்த பெரியவர் திடீரென்று உளறினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

குண்டு மிளகாய் சூடே இல்லாமல் எப்படி எரிகிறது?

சூட்டை உணரும் நரம்பு நுனியில் ஒரு கதவு இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும். மிளகாயின் காப்சைசினும் அதே கதவைத் திறந்துவிடும். மூளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி எப்படிப் போகிறது? இடையில் இடைவெளி இருக்கிறதாமே?

இருக்கிறது. சினாப்ஸ் என்று பெயர். பெரும்பாலும் அந்த இடைவெளியைத் துடிப்பால் தாண்ட முடியாது. துடிப்பு நுனிக்கு வந்ததும் அங்கே பைபையாகக் காத்திருக்கும் ரசாயனம் கொட்டுகிறது. அது எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டியதும் அடுத்த செல் தூண்டப்படும், அல்லது அடங்கும். 1921ல் ஆட்டோ லோவி தவளை இதயத்தை வைத்து இதைக் காட்டினார். ஒரு இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அது கிடந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகிவிட்டது. அந்த ரசாயனம்தான் அசிட்டைல்கோலின்.

நரம்பு தசையைத் தொடும் இடத்திலும் இதே அசிட்டைல்கோலின்தான். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை உடைத்துவிட வேண்டும். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் மிளகாய்க்கும் பருத்திக்கும் அடிக்கிற பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை அந்த நொதியை முடக்கிவிடும். எச்சில் வழிவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, தசை துடிப்பது, மூச்சுத் திணறல் எல்லாம் அதனால்தான். மருந்து அடிக்கும்போது காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். நனைந்த சட்டையை உடனே கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடல்பாம்பு, பேத்தை, சொறி (ஜெல்லிமீன்): இவற்றின் விஷம் எல்லாம் ஒன்றா?

எல்லாம் நரம்பைத் தொடும், ஆனால் வேறு வேறு இடத்தில்.

கடல்பாம்பு வலையில் சிக்கி வரும்போது கையை உள்ளே விட்டால் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிக்காது, வீக்கமும் இருக்காது. அதுதான் ஆபத்து. விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் அசிட்டைல்கோலினின் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் கண் இமை கீழே இறங்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் தளரும். தசைகள் கரைந்து மூத்திரம் பழுப்பாகப் போய் சிறுநீரகமும் கெடலாம். நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் தயாரிக்கப்பட்டது. கடல்பாம்புக்கு அதை நம்ப முடியாது. விஷம் இறங்கும்வரை செயற்கை சுவாசம் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் வழி, ஆகவே வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். வலி இல்லையே என்று மீதி வலையையும் இழுத்துவிட்டுக் கரைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பேத்தை மீனின் ஈரல், சினை, தோலில் இருக்கும் டெட்ரோடோடாக்சின், மேலே சொன்ன சோடியக் கதவையே அடைத்துவிடும். நரம்பில் துடிப்பே கிளம்பாது. முதலில் உதடும் நாக்கும் மரக்கும், அப்புறம் கை கால், கடைசியில் மூச்சு. விஷம் மூளைக்குள் எளிதில் புகாததால் உடம்பு அசையாமல் கிடக்கும்போதும் ஆளுக்கு நினைவு இருக்கும், சுற்றி நின்று பேசுவதெல்லாம் காதில் விழும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் இந்த விஷம் போகாது. முறிவு மருந்தும் கிடையாது. பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசியும் சோடியக் கதவைத்தான் அடைக்கிறது. அது ஒரே இடத்தில் நின்று, கொஞ்ச நேரத்தில் விலகிவிடும்.

சொறிக்கு மூளையே இல்லை. உடம்பு முழுக்கப் பரவிய நரம்பு வலை மட்டும்தான். அது பட்டால் நம் தோலின் வலி நுனிகள் தீயாக எரியும். திருக்கை முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் காலை முக்கி வைப்பது வலியைக் குறைக்கும். அதன் விஷம் சூட்டில் கெடுகிற புரதம். அடிபட்ட கால் மரத்திருந்தால் சூடு தெரியாது, ஆகவே வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். முள் உள்ளே முறிந்திருந்தால் ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும்.

பிள்ளைகள் பொறுக்கும் கூம்பு வடிவச் சங்குகளில் உயிர் இருந்தால் அவையும் ஊசிபோல ஒரு பல்லை எய்து நரம்பு விஷம் செலுத்தும். அந்த இனத்தின் விஷம் ஒன்றைப் பார்த்துத் தயாரித்த சிக்கோனோடைட் என்ற வலி மருந்துக்கு 2004ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறு எதற்கும் அடங்காத வலிக்குத் தண்டுவடத் திரவத்திலேயே அதைச் செலுத்துகிறார்கள்.

பாசி எடுக்க முங்கும்போது நெஞ்சுத் துடிப்பு குறைகிறதே, ஏன்?

சின்னப்பாலத்து அக்கா ஒருவர் கேட்டது இது. நம் இஷ்டத்துக்குக் கட்டுப்படாமல் இதயம், குடல், ரத்தக் குழாய், வியர்வை இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு தானியங்கு நரம்பு மண்டலம் இருக்கிறது. அதில் இரண்டு பிரிவு. பரிவு நரம்புகள் நெஞ்சை வேகமாக்கும், கண்மணியை விரிக்கும், குடலை நிறுத்தும். புயலில் படகு மாட்டிக்கொண்டால் வேலை செய்வது இது. எதிர்ப்பரிவு நரம்புகள் நெஞ்சை மெதுவாக்கும், செரிமானத்தைக் கூட்டும். அதில் பெரியது மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் தண்ணீரில் நனைந்ததும், முகத்தின் உணர்வு நரம்பு முகுளத்துக்குச் சேதி அனுப்புகிறது. முகுளம் வேகஸ் வழியாக இதயத்தை மெதுவாக்குகிறது. கை கால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்ஸிஜன் மிச்சமாகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சு விட்டால் அதிக நேரம் தாங்கலாம் என்று இளவட்டங்கள் செய்கிறார்கள். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை முகுளம் கிளப்புவது பெரும்பாலும் கரியமில வாயு கூடுவதைப் பார்த்து. வேகமாக மூச்சு விட்டால் அந்த வாயு முன்கூட்டியே குறைந்துவிடும், எச்சரிக்கை தாமதமாக வரும். அதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும்.

கம்ப்ரெசர் காற்றில் முங்கி வந்த தம்பிக்கு இடுப்புக்குக் கீழே வேலை செய்யவில்லை. அடி எதுவும் படவில்லையே?

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொள்ளும். வேகமாக மேலே வந்தால் அது குமிழிகளாகப் பிரியும். தண்டுவடத்தில் மைலின் கொழுப்பு ஏராளம் என்பதால் அங்கே சேதம் அதிகம்.

அறிகுறியைப் பாருங்கள். இரண்டு காலும் சேர்ந்து போயிருக்கிறது, மூத்திரம் அடைத்திருக்கிறது, கை நன்றாக இருக்கிறது, பேச்சும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு மூளையில் இருக்க வாய்ப்புக் குறைவு. கைக்கு நரம்பு கிளம்பும் கழுத்துப் பகுதிக்குக் கீழே, முதுகுப் பகுதித் தண்டுவடத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கக் கையும் காலும் முகமும் சேர்ந்து விழுந்தால் மூளை. இரண்டு பாதமும் மெதுவாக, வருடக்கணக்கில் மரத்து மேலே ஏறினால் புற நரம்பு. வயதானவருக்கோ வாலிபருக்கோ, மருத்துவர் போடும் முதல் கணக்கு இதுதான்.

இப்படி ஆனவரைப் படுக்க வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறோமோ அவ்வளவு நல்லது. திரும்பவும் முங்கினால் சரியாகிவிடும் என்று மறுபடி தண்ணீரில் இறக்குவது உயிருக்கே ஆபத்து.

பக்கவாதத்தில் வலது கை கால் விழுந்தவருக்குப் பேச்சும் போகிறதே, என்ன சம்பந்தம்?

மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை நடத்துகிறது. கட்டளை இழைகள் முகுளத்தின் அடியில் குறுக்கே மாறிக்கொள்கின்றன. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடது பாதியில்தான். பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861ல், பேச முடியாமல் இறந்த ஒருவரின் மூளையில் இடது முன்பகுதி சேதமாகியிருந்ததைக் காட்டினார். ஆகவே இடதுபக்க ரத்தக் குழாய் அடைத்தால் வலது கை காலும் பேச்சும் சேர்ந்து போகும். ஆளுக்கு அறிவு மங்கிவிட்டதாக வீட்டில் நினைத்துவிடக் கூடாது. பல பேருக்குச் சொல்வது புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்ந்து இறங்குவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மணியைப் பாருங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக் கசிவா என்று பார்க்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். புறா ரத்தம் தேய்க்கப் போய் அரை நாளைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். 108ஐ அழையுங்கள், ஸ்கேன் உள்ள இடத்துக்கே போகச் சொல்லுங்கள்.

இறந்த நரம்பு செல் திரும்பாது. ஆனால் பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். பயிற்சிக்கு நாங்கள் துரத்துவது அதனால்தான்.

முகம் மட்டும் கோணிக்கொண்டால்?

நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. நெற்றியும் அசையாமல் கண்ணும் மூடாமல் போனால் முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பே வீங்கியிருக்கலாம். இதைப் பெல்ஸ் பால்சி என்கிறார்கள். இதற்கும் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்குவது நல்லது. எது எப்படி இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்க வாப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. சுடுமணலில் நடந்து கொப்பளம் வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி. சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் இருந்தால் நீளமான நரம்புகள் முதலில் கெடும். உடம்பிலேயே நீளமானவை பாதத்துக்குப் போகிறவை, அதனால்தான் காலில் தொடங்குகிறது. வலி தெரியாத காலில் காயம் பெரிதாகி, கடைசியில் விரலை எடுக்க நேர்கிறது. தினமும் ராத்திரி அவர் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். மணலிலும் செருப்பில்லாமல் விடாதீர்கள். தோலில் நிறம் மங்கி, தொட்டால் தெரியாத தேமல் இருந்தால் தொழுநோய் பரிசோதனையும் செய்யுங்கள். அந்தக் கிருமியும் புற நரம்பைத்தான் தாக்குகிறது. மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், முழுதாகக் குணமாகும்.

வெட்டுப்பட்ட புற நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மறுபடி வளரக்கூடியது. மணிக்கட்டில் தைத்த நரம்பு விரல்நுனிக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆவது அதனால்தான்.

முதல் தடவை கடலுக்குப் போனால் ஏன் வாந்தி வருகிறது? கரைக்கு வந்த பிறகும் தரை ஆடுகிறதே?

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதை உணர்கின்றன. கண் படகின் பலகையைப் பார்த்து "அசையவில்லை" என்கிறது, காது "அசைகிறது" என்கிறது. இந்த முரண்பாடு வாந்தியைத் தூண்டுகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். சில நாளில் சிறுமூளை ஆட்டத்துக்குப் பழகிவிடும். பழகிய கணக்கு கரைக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும், அதுதான் தரை ஆடுவது.

மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே?

இல்லை. முழுதும் வேலை செய்கிறது. பயறளவு இடத்தில் ரத்தம் நின்றாலே ஒரு கை விழுந்துவிடுகிறது.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவி கொடுக்கலாமா?

பயனில்லை. மூளையின் செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் துடிப்பதுதான் வலிப்பு, பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும். சாவி கொடுத்ததும் நின்றது போலத் தெரிவது அதனால்தான். ஆளைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், பிடித்து அமுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வலிப்பு உள்ளவர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போவது கூடாது, தனியாகப் போவது கூடவே கூடாது.

மனநோயும் மூளை நோயா? ஏர்வாடிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்.

நினைப்பு, பயம், சந்தேகம், தூக்கம் எல்லாம் மூளையில்தான் நடக்கின்றன. மனச்சிதைவில் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் சேதிகளில் கோளாறு இருக்கிறது என்பதும், மருந்தால் பலருக்குக் குறைகிறது என்பதும் தெரிந்த விஷயம். குடும்பம், வறுமை, அதிர்ச்சி இவற்றுக்கும் பங்கு உண்டு. தர்காவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், போய்வருகிறவர்களுக்கு ஆறுதல் கிடைக்கிறது. மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதற்கு அப்புறம் அங்கேயே துவாவோடு மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது. 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டுவது குற்றம்.

நரம்புத் தளர்ச்சிக்கு டானிக் வாங்கலாமா?

அந்தப் பெயரில் வருகிறவர்களைக் கேட்டால் ஒருவருக்குக் கை நடுக்கம், ஒருவருக்கு அசதி, ஒருவருக்குப் படபடப்பு, ஒருவருக்குக் கால் மரப்பு. நடுக்கம் தைராய்டால் வரலாம், குடியை நிறுத்தியதால் வரலாம், பார்க்கின்சன் நோயாக இருக்கலாம், பரம்பரையாகவும் இருக்கலாம். பார்க்கின்சனில் கை சும்மா மடியில் கிடக்கும்போது ஆடும், பரம்பரை நடுக்கத்தில் டீ கிளாஸைத் தூக்கும்போது ஆடும். இத்தனைக்கும் ஒரே பாட்டில் எப்படிச் சரியாகும்? ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தால் மருத்துவர் சொல்கிற ஊசியையோ மாத்திரையையோ எடுங்கள். குறைவில்லை என்றால் டானிக் காசுக்குச் சாளை வாங்கிக் குழம்பு வையுங்கள், அதிலேயே பி12 தாராளம்.